கடல் மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகள்: தனிமைத் தொட்டியிலிருந்து 76ஆம் நாள் வரை

மீனின் துடுப்பில் உப்புத் தூள் ஒட்டியது போல நாலைந்து புள்ளிகள் தெரிந்ததும், புதிதாகக் கடல் மீன் வளர்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து ஊற்றுவது?" நான் திருப்பிக் கேட்பது, "வேறு தொட்டி இருக்கிறதா?" பெரும்பாலும் இருக்காது. அந்தப் பதிலைக் கேட்டதுமே அடுத்த இரண்டு வாரங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். சென்னையில், மே மாத வெயிலில், ஒரு நீலப் பொடி சர்ஜன் மீனைக் கடையிலிருந்து நேராகப் பவளத் தொட்டியில் விட்டேன். ஒன்பது நாளில் செத்த மீன்கள் ஐந்தை வலையில் அள்ளினேன். மருந்துகளின் பெயர்ப் பட்டியல் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். எதை எதற்கு முன்னால் செய்வது, ஏன் அந்த வரிசை என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. அதையே இங்கே எழுதுகிறேன்.

1. ஒட்டுண்ணி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடல் மீனின் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாட்கள் தின்று கொழுக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி இந்தக் கட்டத்தில் இருப்பது.

கொழுத்ததும் மீனை விட்டு உதிர்ந்து, சில மணி நேரம் அடித்தளத்தில் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் பிளந்து பிளந்து பெருகி, ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நீந்தும் குஞ்சுகள் வெளிவரக்கூடும். அந்தக் குஞ்சுகளுக்கு ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சாவுதான்.

இந்த நோய்க்கு மருந்தாகத் தண்ணீரில் கலக்கும் தாமிரம் கொல்வது நீந்தும் குஞ்சை மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து எட்டாது. சிகிச்சை ஒரு மாதம் இழுப்பதற்கு இதுவே காரணம். ஒளிந்திருப்பது ஒவ்வொன்றும் வெளியே வரும்வரை நாம் காத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் வாக்கில் புள்ளிகள் தாமாகவே மறையும், எதுவுமே செய்யாவிட்டாலும். பூண்டுச் சாற்றுக்கும் பவளத்துக்குத் தீங்கில்லாதது என்று விற்கப்படும் பல திரவங்களுக்கும் நல்ல பெயர் வாங்கித் தந்தது இந்த ஐந்தாம் நாள்தான். புள்ளி உதிர்ந்தது, கூடு கட்டப் போயிருக்கிறது. அடுத்த அலை பத்து மடங்காக வரும்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நன்னீர் வெண்புள்ளி வேறொரு உயிரி. அங்கே சூட்டை 30 டிகிரிக்கு ஏற்றிக் கல் உப்புப் போட்டால் பலன் கிடைக்கும். கடல் தொட்டியில் அதே கைப்பழக்கம் கேடாகவே முடியும், ஏனெனில் 30 டிகிரி கிரிப்டோகேரியானுக்கு மிகவும் உகந்த சூடு. கூடவே தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். ஏற்கெனவே செவுள் புண்பட்டு மூச்சு வாங்கும் மீனுக்கு அது கடைசி அடி.

2. மீன் வாங்குவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

புதிய மீனையும் நோயுற்ற மீனையும் பிரித்து வைக்கும் தனிமைத் தொட்டி முதலில் வரட்டும், மீன் பிறகு வரட்டும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் உள்ள சாதாரணக் கண்ணாடித் தொட்டி போதும். மேலே மூடியோ வலையோ கட்டாயம். பயந்த மீன் முதலிரவில் துள்ளிக் குதிக்கும்.

உள்ளே மணலும் பாறையும் வேண்டாம். பவளப் பாறையும் சுண்ணாம்பு மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஊற்றியது மாலையில் இருக்காது, என்றைக்கோ திரும்பக் கசிந்து வரும். ஒளிந்துகொள்ள வெள்ளை பிவிசி குழாய்த் துண்டுகளையும் எல்போக்களையும் போடுங்கள். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் வகை மீனுக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் சிலிக்கா மணல் வைக்கலாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குறைந்தது நான்கு வாரம் பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதோடு குழாயால் இணைந்த வடிகட்டும் தொட்டியில்) போட்டு வையுங்கள். அதில் நல்ல பாக்டீரியா குடியேறியிருந்தால்தான் மீன் வந்த அன்றே அம்மோனியாவைச் சமாளிக்கும். பெரிய தொட்டியில் ஏற்கெனவே நோய் இருந்தால் அந்த ஸ்பாஞ்சைப் புதிய மீனுக்குப் பயன்படுத்தாதீர்கள், கூடுகள் அதிலும் ஒட்டியிருக்கும். நோயுற்ற அதே மீன்களைத் தாமிரத்தில் வைப்பதற்குப் பயன்படுத்தலாம்.

கருவிகளில் நான் விட்டுக்கொடுக்காதவை இவை: அம்மோனியா சோதனைக் கருவி, தாமிரச் சோதனைக் கருவி, தண்ணீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், நகை எடை போடும் சிறு மின் தராசு, ஊசியில்லாத சிரிஞ்சுகள், மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். தாமிரச் சோதனைக் கருவி கைக்கு வந்த பிறகே தாமிரம் வாங்குங்கள். அளக்க முடியாத தாமிரத்தை விட மருந்தே போடாமல் இருப்பது மேல்.

ஹீட்டரை 26, 27 டிகிரியில் நிறுத்துங்கள். கோடையில் பிரச்சினை தலைகீழ். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். நீர்ப்பரப்பின் மீது ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவதற்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் தாமிரமும் தொட்டியிலேயே இருக்கும்.

வலை, வாளி, குழாய் எல்லாம் தனிமைத் தொட்டிக்குத் தனி. என் வீட்டில் அவற்றில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே மூன்று மீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டிருக்கிறேன். வெல்வெட் என்ற இன்னொரு நோயின் ஒட்டுண்ணி காற்றுக்குமிழ் வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகளின் வழியே பரவக்கூடியது.

3. மீனை வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

"கடையில் ஒரு புள்ளிகூட இல்லையே, என் தொட்டியில்தானே வந்தது?" என்று கோபப்படுபவர்கள் அதிகம். பல கடைகள் தண்ணீரின் உப்பைக் குறைத்து வைத்திருக்கும். சில கடைகள் குறைந்த அளவில் தாமிரமும் ஊற்றி வைத்திருக்கும். இரண்டும் நோயை அடக்கி வைக்குமே தவிர ஒழிக்காது. நம் வீட்டின் சுத்தமான, முழு உப்புள்ள தண்ணீருக்கு வந்த ஒரு வாரம் பத்து நாளில் அடங்கியது எழுந்துவிடும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. நூறு மீன்களை ஒரே தண்ணீர்ச் சுற்றில் வைத்திருப்பவருக்கு வேறு வழி குறைவு.

ஆகவே வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தண்ணீரின் அடர்த்தி (உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் எண்) எவ்வளவு, தாமிரம் இருக்கிறதா. அவர் சொல்லும் அடர்த்திக்கு உங்கள் தனிமைத் தொட்டியை முன்கூட்டியே கொண்டுவந்து வையுங்கள். பிறகு நாளுக்குக் கொஞ்சமாக 1.025க்கு ஏற்றலாம். மீன் உங்கள் கண் முன்னால் தீனி தின்னட்டும். தின்னாத மீனை அழகுக்காக வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் வழக்கம் இருக்கிறது. நீண்ட பயணம் செய்த பைக்கு அது ஆபத்து. பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும், ஆனால் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) நிறைந்து பி.எச். தாழ்ந்திருப்பதால் அதன் நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கரிவளி வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா கடிக்கத் தொடங்கும். மூடிய பையை 15 நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்யுங்கள், அடர்த்தியைச் சரிபாருங்கள், மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகட்டும்.

நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் காட்டு மீனை விட ஒட்டுண்ணி குறைவாகவே சுமந்து வரும். ஆனால் அது கடையில் மற்ற மீன்களோடு ஒரே தண்ணீரில் ஒரு நாள் இருந்தால்கூட அந்தச் சலுகை முடிந்தது. அதற்கும் தனிமைத் தொட்டிதான்.

4. எந்த ஒட்டுண்ணி என்று பாருங்கள், பிறகு மருந்தை எடுங்கள்

முதலில் மூச்சை எண்ணுங்கள். மீன் அமைதியாக இருக்கும் காலை வேளையில், கைபேசியில் 15 நொடி படம் எடுத்து, செவுள் மூடி எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஆரோக்கியமான நாட்களிலேயே அந்த எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். திடீரென்று ஒன்றரை மடங்கானால், தோலில் எதுவும் தெரியாவிட்டாலும் செவுளில் ஏதோ இருக்கிறது.

தனித்தனியாக எண்ணக்கூடிய, ரவை அளவுப் புள்ளிகள் என்றால் வெண்புள்ளி நோய். வந்து வந்து மறையும். முதல் சில நாட்களில் மீன் தின்னும், நீந்தும்.

முகப்பவுடர் தூவியது போல, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மட்டும் மங்கலான பொன்னிறத் தூசியாகத் தெரிந்தால் வெல்வெட். அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்ற உயிரி செய்யும் வேலை. மீன் தீனியை மறுக்கும், வெளிச்சத்துக்கு முதுகு காட்டும், பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே வாயைத் திறந்தபடி நிற்கும். முதலில் தாக்கப்படுவது செவுள் என்பதால், தூசி கண்ணுக்குத் தெரியும்போது பாதிக் காலம் கடந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் மொத்தத் தொட்டியையும் காலி செய்யக்கூடியது. வெண்புள்ளியா வெல்வெட்டா என்று சந்தேகம் வந்தால் வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

தோல் உரிந்து கஞ்சி ஆடை போலத் தொங்கினால், அதுவும் காட்டுக் கோமாளி மீனில் என்றால், புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. பச்சை குரோமிஸ், ஆந்தியாஸ் போன்றவற்றின் விலாவில் அடிபட்டது போலச் சிவந்த புண் என்றால் யூரோனீமா என்ற இன்னொரு ஒட்டுண்ணி.

கண் மங்குகிறது, பாறையில் உடம்பைத் தேய்க்கிறது, அடிக்கடி கொட்டாவி விடுகிறது, ஆனால் புள்ளி இல்லை என்றால் தட்டைப் புழுவாக இருக்கலாம்.

துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் போன்ற கட்டி இருந்தால் மருந்துப் பெட்டியை மூடி வையுங்கள். அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ். நல்ல தீனியும் அமைதியும் கிடைத்தால் பெரும்பாலும் தானே சுருங்கும். இதற்குப் போய்த் தாமிரம் ஊற்றி மீனைப் பலவீனமாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. தாமிரச் சிகிச்சை

வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் நான் நம்புவது தாமிரத்தை. மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது, ஏனெனில் நோயை விடத் தப்பான தாமிரத்தால் செத்த மீன்களே எனக்குத் தெரிந்து அதிகம்.

பெரிய தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பவளம், இறால், நத்தை, கடல் சாமந்தி எல்லாம் சாகும். பாறை தாமிரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மீன்கள் எல்லாம் தனிமைத் தொட்டிக்கு வர வேண்டும், நோய் தெரியாத மீனும் சேர்த்து. ஒரே தொட்டியில் இடம் போதாவிட்டால் உணவு வைக்கும் தரத்திலான பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றும் அதே வேலையைச் செய்யும்.

தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். கடைக்காரர் சொன்ன லிட்டரை நம்பாமல் உள் நீளம், உள் அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுங்கள். 60 × 30 தொட்டியில் தண்ணீர் 30 செ.மீ. நின்றால் 54 லிட்டர்.

இப்போது எந்தத் தாமிரம் என்று பார்க்க வேண்டும். இரண்டு வகை உண்டு. மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்துக் கிடைப்பது கட்டற்ற தாமிரம். அதன் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். மற்றது வேதிப்பொருளோடு பிணைத்து விற்கப்படும் கட்டுண்ட தாமிரம். அது மெதுவாக வேலை செய்வதால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை தேவைப்படும். பத்து மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் நடுவே வேறொரு அளவைச் சொல்லும் தயாரிப்புகளும் இருக்கின்றன, அவற்றுக்குப் பாட்டிலில் உள்ள எண்ணே சட்டம். என் நண்பர் ஒருவர் கட்டுண்ட தாமிரத்துக்கான 2.0 என்ற எண்ணை எங்கோ படித்துவிட்டு அந்த அளவுக்கு மயில்துத்தக் கரைசலை ஊற்றினார். மறுநாள் காலைக்குள் தொட்டி முடிந்துவிட்டது. நேர்மாறாக, கட்டுண்டதை 0.2க்கு ஊற்றிவிட்டு மருந்து பலிக்கவில்லை என்பவர்களும் உண்டு.

முதல் முறை செய்பவர் கட்டுண்ட தாமிரத்தை வாங்குவது நல்லது. அதன் பாதுகாப்பு எல்லை அகலமானது. உங்கள் சோதனைக் கருவி அந்த வகையை அளக்குமா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். 0.2ஐ அளக்கும் கருவியில் 2.0ஐப் படிக்க முடியாது.

மயில்துத்தம்தான் கிடைக்கிறது என்றால், தோட்டத்துக்குப் போர்டோ கலவை தயாரிக்க உரக்கடையில் விற்பதைத் தவிர்த்து ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். நீலப் படிகத்தில் எடைக்கு எடை கால் பங்குதான் தாமிரம். 3.93 கிராம் படிகத்தை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் தாமிரம் இருக்கும். 54 லிட்டருக்கு 0.20 என்றால் 10.8 மி.லி. அதை ஒரே மூச்சில் ஊற்றாமல் 2.7 மி.லி. வீதம் நான்கு தவணையாக இரண்டு நாளில், காலையும் மாலையும் ஊற்றுங்கள். மீன் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். வெல்வெட் என்றால் இந்த நிதானம் கட்டுப்படியாகாது. 24 மணி நேரத்துக்குள் முழு அளவை எட்டுங்கள்.

கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வெளிர் நீலத்தில் பார்க்க அழகாக இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருக்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், மீன் தொட்டிக்கான குளோரோகுவின் பாஸ்பேட்டைக் கொரோனாத் தடுப்பு என்று எண்ணி உட்கொண்ட ஒருவர் இறந்தே போனார். பெயரும் "நஞ்சு" என்ற சொல்லும் எழுதிய சீட்டு ஒட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

முதல் வாரம் காலையும் மாலையும் தாமிரத்தை அளந்து தாளில் எழுதுங்கள். பிறகு நாளுக்கு ஒரு முறை போதும். கட்டற்ற தாமிரம் 0.15க்குக் கீழே இறங்கினால் அன்றிலிருந்து மீண்டும் முதல் நாள். இது கசப்பான விதி. ஆனால் அந்த ஒரு இரவில் வெளிவந்த குஞ்சு மீனுக்குள் புகுந்துவிட்டால், எண்ணிய நாட்களுக்குப் பொருளில்லை.

தண்ணீர் மாற்றும்போதுதான் அளவு தடுமாறும். 10 லிட்டர் எடுத்தால், ஊற்றப் போகும் 10 லிட்டரிலும் அதே அளவு தாமிரத்தை முன்பே கலந்துவிடுங்கள். ஆவியான இடத்தை நிரப்பும் ஆர்.ஓ. தண்ணீரில் தாமிரம் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்து அளவை ஏற்றிவிட்டவர்கள் பலர்.

ஃபில்டரில் போட்டிருக்கும் கரித்துகள் தாமிரத்தை இழுத்துவிடும், எடுத்துவிடுங்கள். ஓடும் தண்ணீரில் கிருமி கொல்லும் யுவி விளக்கு கட்டுண்ட தாமிரத்தின் பிணைப்பை உடைக்கும், அணைத்துவிடுங்கள். அம்மோனியாவைக் கட்டுவதாக விற்கப்படும் திரவங்களைத் தாமிரத்தோடு சேர்க்காதீர்கள். அவற்றில் பல, தாமிரத்தை மேலும் கொடிய வடிவத்துக்கு மாற்றும். அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவதே வழி. அது ஏறாமலிருக்க, போட்ட தீனியில் பத்து நிமிடத்தில் மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எத்தனை நாள்? முழு அளவை எட்டிய நாளிலிருந்து 30 நாட்கள். இரண்டாவது தொட்டி இருந்தால் குறுக்குவழி உண்டு: 14 நாள் முழு அளவில் வைத்துவிட்டு, மீன்களை முற்றிலும் புதிய, உலர்ந்திருந்த தொட்டிக்கு மாற்றுங்கள். அதற்குள் மீனிலிருந்தவை எல்லாம் உதிர்ந்திருக்கும், புதிதாக ஏறவும் தாமிரம் விட்டிருக்காது, மிஞ்சிய கூடுகள் பழைய தொட்டியோடு போகும். ஃபில்டரையோ குழாய்த் துண்டையோ பழையதிலிருந்து எடுத்துப் போட்டால் இந்த முறை பாழ்.

6. தட்டைப் புழுக்கள்

தாமிரம் இவற்றைத் தொடாது. முதலில் இருக்கிறதா என்று பார்க்க நன்னீர்க் குளியல் நல்ல வழி. அடி கறுப்பாக உள்ள வாளியில் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து, தொட்டியின் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் சோடா சிறிது கலந்து பி.எச்.சை 8 பக்கம் ஏற்றி, அரை மணி நேரம் காற்று விடுங்கள். மீனை அதிகபட்சம் ஐந்து நிமிடம் விடுங்கள். சில மீன்கள் முதல் நிமிடத்தில் பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும், பயப்பட வேண்டாம். மூச்சு நின்று நின்று வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். புழு இருந்தால் வெளுத்து உதிர்ந்து, வாளியின் அடியில் வெள்ளை எள் போலக் கிடக்கும்.

குளியல் புழுக்களைக் குறைக்கும், முட்டையை ஒன்றும் செய்யாது. முழுவதும் ஒழிக்கப் பிராசிக்வாண்டல் என்ற புழு மருந்தை இரண்டு தவணையாகப் போட வேண்டும், முட்டையை அதுவும் கொல்லாது. லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், 54 லிட்டருக்கு 135 மில்லிகிராம். அது தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு சிறு பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு போட்டு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். கட்டியாக மேலே மிதப்பது மருந்தாகாது. ஐந்து முதல் ஏழு நாளில் இரண்டாம் தவணை. முதல் தவணைக்குத் தப்பிய முட்டை அதற்குள் பொரித்திருக்கும், ஆனால் அந்தக் குஞ்சு முட்டையிடும் பருவத்தை எட்டியிருக்காது. இரண்டாம் தவணையை மறப்பவர்களே அதிகம்.

மருந்து போட்ட நாட்களில் பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால் போலக் கலங்கலாம், ஆக்சிஜன் இறங்கும். ஏர் பம்ப்பைக் கூட்டி வையுங்கள். நான் இதைத் தாமிரத்தின் மூன்றாம் வாரத்தில் அதே தண்ணீரில் செய்கிறேன். அதற்குள் மீன் நன்றாகத் தின்று தேறியிருக்கும்.

7. தாமிரம் ஒத்துவராத இடங்கள்

ராஸ், குட்டி ஏஞ்சல் வகைகள் கட்டற்ற தாமிரத்தில் வாடும். வெண்புள்ளி மட்டும்தான் என்று உறுதியானால் அவற்றுக்கு உப்பைக் குறைக்கும் முறையைப் பார்க்கலாம். இரண்டு நாளில் அடர்த்தியை 1.009க்கு இறக்கி, 30 நாள் அங்கேயே நிறுத்த வேண்டும். 1.011இல் ஒட்டுண்ணி தப்பக்கூடும். ஆகவே முள் ஆடும் பிளாஸ்டிக் மானி உதவாது, சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். உப்பு குறையும்போது பி.எச்.சும் சரியும், சமையல் சோடாவால் தாங்கிப் பிடியுங்கள். திரும்ப ஏற்றுவதை ஒரு வாரத்துக்கு மேல் இழுத்துச் செய்யுங்கள். இறங்குவதைத் தாங்கும் மீன், வேகமாக ஏறுவதைத் தாங்காது. வெல்வெட்டுக்கு இந்த முறை பயனற்றது, அந்த உயிரி குறைந்த உப்பிலும் பிழைக்கும்.

புரூக்ளினெல்லாவுக்கு ஃபார்மலின் குளியல். 10 லிட்டர் தொட்டித் தண்ணீரில் 37 சதவீத ஃபார்மலின் 1.5 மி.லி., நன்றாகக் காற்றடித்தபடி 45 நிமிடம். மீன் தடுமாறினால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். குளித்த மீன் புதிய தண்ணீருக்குப் போக வேண்டும், பழைய தொட்டிக்குத் திரும்பினால் அன்று மாலையே நோயும் திரும்பும். பாட்டிலின் அடியில் வெள்ளை வண்டல் தெரிந்தால் அந்த ஃபார்மலினைத் தொடாதீர்கள், மீனுக்கு மிகக் கொடியதாக மாறியிருக்கும். நமக்கும் அது புற்றுநோய் வரவழைக்கும் பொருள். கையுறை போட்டு, மொட்டை மாடியிலோ திறந்த பால்கனியிலோ செய்யுங்கள். தாமிரத்தோடு ஒரே தண்ணீரில் கலக்கக் கூடாது.

யூரோனீமாவைப் பற்றி நம்பிக்கையாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சிவந்த புண் வெளியே தெரியும்போது உள்ளே தசையைத் தின்றிருக்கும். பாதிக்கப்பட்டதைப் பிரித்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்துப் பச்சைக் குரோமிஸை மொத்தமாக வாங்குவதை நான் நிறுத்தியது இதனால்தான்.

8. பெரிய தொட்டியை மீனில்லாமல் விடுதல்

எல்லாரும் சறுக்குவது இங்கேதான். மீன் தனிமைத் தொட்டியில் தேறுகிறது, பெரிய தொட்டியில் பவளம் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது, வீட்டில் எல்லாரும் "எப்போது மீனை விடுவாய்?" என்று கேட்கிறார்கள். கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுகள் எல்லாம் வெளிவந்து, மீன் கிடைக்காமல் சாக வேண்டும். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் திறந்துவிடும் என்றாலும், 72ஆம் நாள் வரை திறந்த கூடுகளும் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் 76 நாள் என்ற கணக்கு. கடைசி மீன் வெளியேறிய நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு அங்கிருந்து எண்ணுங்கள்.

பாறைக்குள் ஒளிந்த ஒரே ஒரு சிறு கோபி மீன் மிஞ்சினாலும் எண்ணிக்கை வீண். இரவு விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு தேடுங்கள். தேவைப்பட்டால் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். அரை நாள் வேலை, முதுகு வலிக்கும், செய்துவிடுங்கள்.

இந்த நாட்களில் இறாலும் நத்தையும் துறவி நண்டும் உள்ளேயே இருக்கலாம், அவற்றில் இந்த ஒட்டுண்ணி வாழாது. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அவற்றுக்கும் பசிக்கும், ஃபில்டரின் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கக் கூடாது. புதிதாக எந்தப் பவளமும் நத்தையும் வாங்கிச் சேர்க்காதீர்கள். அவை மீனுள்ள தொட்டியிலிருந்து வந்தால் ஓட்டிலும் அடிப்பாறையிலும் கூடு ஒட்டி வரும், நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தனிமைத் தொட்டியில் கை வைத்த பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல் பெரிய தொட்டிப் பக்கம் போகாதீர்கள். நான் எப்போதும் பெரிய தொட்டி வேலையை முதலில் முடித்துவிடுகிறேன்.

சுத்தம் செய்யும் இறால் ஒட்டுண்ணியைத் தின்றுவிடும், யுவி விளக்கு கொன்றுவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு: இறால் தோலுக்கு அடியில் இருப்பதை எடுக்காது, யுவி தன் வழியே ஓடிய தண்ணீரில் உள்ளதைத்தான் தொடும்.

9. மீனைத் திருப்பி விடுவது

76ஆம் நாள் வருவதற்குள் தாமிரம் முடிந்து நாள் ஆகியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் கரித்துகளாலும் தண்ணீர் மாற்றத்தாலும் தாமிரத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, மருந்தில்லாத தண்ணீரில் குறைந்தது இரண்டு வாரம் மீனைக் கவனியுங்கள். அடங்கியிருந்த ஏதாவது எழுந்தால் இங்கேயே எழட்டும். மூச்சு எண்ணிக்கை பழைய எண்ணுக்கு வந்திருக்க வேண்டும், மலம் வெள்ளை நூலாக இல்லாமல் திடமாக இருக்க வேண்டும்.

விடும் நாளில் இரண்டு தொட்டிகளின் அடர்த்தியும் சூடும் ஒன்றாக இருக்கட்டும். பெரிய தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கூச்சமுள்ள மீனை முதலிலும் சண்டைக்காரச் சர்ஜன் மீனைக் கடைசியிலும் விடுங்கள். இடம் பிடிக்கும் மீன் முதலில் போனால் பின்னால் வருபவற்றைத் துரத்தி அடிக்கும். தனிமைத் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டும் கூடவே போகக் கூடாது.

பிறகு தனிமைத் தொட்டியைக் காலி செய்து, வாசனை சேர்க்காத பிளீச்சிங் கரைசலில் குழாய்த் துண்டுகளோடு ஒரு நாள் ஊறவிட்டு, கழுவி, வெயிலில் வையுங்கள். தாமிரத்தில் கிடந்த ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிய ஸ்பாஞ்ச் ஒன்றைச் சம்ப்பில் போடுங்கள். அது தயாராக நான்கு வாரம் ஆகும். அடுத்த மீனை அதற்குப் பிறகு வாங்கலாம்.